தவளைகளுக்கு ஒரு வீடு

(நூற்றாண்டு விழாவில் பழைய மாணவிகள் சார்பில் ஆற்றப்பட்ட உரை)



உயர்தர விலங்கியல் வகுப்பில் எத்தனை தேரைகளை மெழுகுத்தட்டில் குத்தினோம் என்று நாங்கள் கணக்கு வைக்கவில்லை. மூக்கைப் பொத்திக்கொண்டு நின்ற அதே ஆட்கள்தாம் இன்று தவளைகளைக் காக்கும் கட்டடம் பற்றிப் பேச வந்திருக்கிறோம். நீங்கள் சிரிக்கலாம்.

2006 இல் பனாமா நாட்டின் எல் வாயே என்னும் மலையூரை ஒரு பங்கசு நோய் எட்டியது. தோலாலேயே நீர் உறிஞ்சி மூச்சும் விடும் பிராணிக்குத் தோல்நோய் என்றால் உயிர்நோய். அந்நாட்டின் சின்னம் போன்ற பொன்தவளைக்கும் (உண்மையில் அது தேரைக் குடும்பம்) அதே ஆபத்து. காப்பகக் கட்டடமோ முடிந்தபாடில்லை. என்ன செய்வது? காட்டிலிருந்து எடுத்த தவளைகளை ஊர் ஹோட்டல் அறைகளில் வைத்துப் பராமரித்தார்கள். பின்னர் கம்போவாவில், சிமித்சோனியன் நிறுவனம் 2015 இல் திறந்த நிலையத்தில், கப்பற் கொள்கலன்களே அறைகளாயின. பொன்தவளை பல ஆண்டுகள் காட்டில் காணப்படவில்லை, காப்பகங்களில்தான் வாழ்ந்தது.

இதை வாசித்த எங்களுள் கட்டடக்கலை படித்தவள் தானும் ஒரு வரைபடம் கீறினாள். பெரிய யன்னல்கள், நடுவே தாமரைக் குளம். விலங்கியல் படித்தவள் பார்த்துவிட்டு, "இந்தக் குளம் தவளைக்கோ, பார்க்க வாறவைக்கோ?" என்றாள். வரைபடம் கிழிந்தது.

இரும்புப் பெட்டியின் அருமை பிறகுதான் விளங்கிற்று. எறும்பு புகாமல் அடைக்கலாம், கழுவலாம், ஒன்றில் நோய் வந்தால் மற்றது தப்பும். வாசலிலேயே சப்பாத்து மாற்ற இடம் வேண்டும். குழாய்நீரின் குளோரீனை நீக்கித்தான் உள்ளே விடலாம். கழிவுநீரைக் கிருமிநீக்காமல் ஓடைக்கு விடக்கூடாது. தவளை உயிருள்ள பூச்சியைத்தான் உண்ணும். ஆகவே சில்லூறுகளுக்கும் பழ ஈக்களுக்கும் தனி அறை. மலைத்தவளைக்குக் குளிர் வேண்டும். மின்வெட்டென்றால் மின்பிறப்பாக்கி உடனே இயங்க வேண்டும். கொடுமை என்னவென்றால், அந்தக் குளிர் பங்கசுக்கும் பிடிக்கும். புதிதாக வருபவைக்கு முதலில் தனியறையும் மருந்துக் குளியலும் அதனால்தான்.

இனி எங்கள் பாடசாலை. புதிய விஞ்ஞானகூட வரைபடத்தில் பின்வளவுக் கேணி மண்போட்டு நிரப்பப்படுகிறது. விடுதியில் இருந்தவர்களுக்கு மாரிகால இரவுகளில் அங்கிருந்து வந்த சத்தம் மறந்திராது. கட்டட நிதிக்குப் பணம் தந்த உரிமையில் கேட்கிறோம்: கட்டடத்தைப் பதினைந்தடி மேற்கே தள்ளுங்கள். கேணி தப்பும், ஒரு வகுப்பறையும் குறையாது. திருத்திய வரைபடத்தைக் கையோடு கொண்டுவந்திருக்கிறோம், அதிபர் அவர்களே. கட்டணம் இல்லை.