ஒட்டில் பிறந்த குட்டி

புற்றுநோய்க்கு ஏற்றும் மருந்து ஆள் பார்த்து அடிப்பதில்லை. வேகமாகப் பெருகும் செல் எதுவானாலும் ஒரே அடிதான். முடி கொட்டுவது கண்ணுக்குத் தெரிகிறது. விந்தகத்து ஸ்டெம் செல்கள் அழிவது யாருக்குத் தெரியும்?

வயதுக்கு வந்த பையன் என்றால் சிகிச்சைக்கு முன்பே விந்தணுவை உறையவைத்து விடலாம். எட்டு வயதுப் பையனுக்கு? அவனிடம் விந்தணுவே கிடையாதே! ஆனால் பின்னாளில் அதை உண்டாக்கப்போகும் ஸ்டெம் செல்கள் அப்போதே அவன் உடம்பில் இருக்கின்றன.

அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் கைல் ஆர்விக் குழுவினர் பருவமடையாத ரீசஸ் குரங்குகளின் விந்தகத் திசுவைத் துண்டுகளாக எடுத்து உறையவைத்தார்கள். பிறகு அதே குரங்கின் தோலுக்கு அடியில் வைத்துத் தைத்தார்கள். குரங்கு பருவமடைந்தது; கூடவே அந்தத் துண்டும் பருவமடைந்து விந்தணுவைத் தந்தது! ஒட்டு மாங்கன்று வளர்த்தவர்கள் அவ்வளவாக வியக்கமாட்டார்கள்.

அந்த விந்தணுவைச் சினைமுட்டையில் செலுத்தியதில், 2018இல் ஒரு பெண் குட்டி பிறந்தது. பெயர் கிரேடி. ஒட்டு என்பதற்கான ஆங்கிலச் சொல்லிலிருந்து வைத்த செல்லப்பெயர். முழு விவரம் 2019 மார்ச்சில் 'சயின்ஸ்' இதழில் வந்தது.

மனிதர்கள் அதுவரை காத்திருக்கவில்லை. பெல்ஜியத்தின் பிரஸ்ஸல்ஸ் நகரில் 2002இலிருந்தே நோயுற்ற சிறுவர்களின் திசுவை உறையவைத்து வருகிறார்கள். அன்றைய பொடியன்கள் இன்று கல்யாண வயதில் நிற்கிறார்கள்.