புள்ளிச் சில்லை: பயிரிடுவோர் அறியவேண்டிய ஒரு சிறு பட்சி



கதிர் முற்றுங் காலத்தில் கிராமத்திலே பட்சிகளால் விளையும் சேதத்தைப்பற்றிய பேச்சு எழுவது வழக்கம். மயிலும் கிளியும் செய்யும் சேதம் உடனே கண்ணுக்குப் புலப்படும். ஆனால் தினைக்கதிரில் கூட்டமாய் வந்தமர்ந்து பறந்துபோகும் ஒரு சிறு பட்சியின் பெயரைக் கேட்டால், பலர் ‘ஏதோ குருவி’ என்று கூறிவிடுவர். அதன் பெயர் புள்ளிச் சில்லை. பயிரிடுவோர் இதன் குணங்களை அறிந்துகொண்டால், தானியத்தையும் காக்கலாம். வீண் பாவத்தையும் தவிர்க்கலாம்.

இது ஊர்க்குருவியைவிடச் சிறியது. நீளம் ஏறக்குறைய 4½ அங்குலம். எடை 14 கிராம் அளவே. முதுகும் இறக்கையும் பழுப்பு நிறம். முகமும் தொண்டையும் செம்பழுப்பு. மார்பும் விலாவும் வெண்மையாயிருக்க, அவற்றின்மேல் மீன் செதிலை அடுக்கியதுபோல் கரும்பழுப்புக் கோடுகள் படர்ந்திருக்கும். அலகு குட்டையாயும் பருத்தும் கூம்பு வடிவாயும் இருக்கும். உமியை நீக்கி அரிசியை மாத்திரம் உண்பதற்கு அதுவே தகுந்த கருவி. ஆணும் பெண்ணும் ஒன்றுபோலவே காணப்படும். இளங்குஞ்சுகளுக்குச் செதிற்கோடு கிடையாது. உடல் முழுதும் வெளிறிய பழுப்பாயிருப்பதால், அவற்றை வேறு ஜாதியென்று எண்ணுவோர் உண்டு.

இந்தியா, இலங்கை முதல் தென்கிழக்கு ஆசியா வரையில் இது இயற்கையாய் வாழ்கின்றது. 19-ஆம் நூற்றாண்டில் ஹவாய்த் தீவுகளுக்குக் கொண்டுபோகப்பட்டு, அங்கும் விருத்தியாயிற்று. நீர்நிலையை அடுத்த புல்வெளி, புதர், வயல், தோட்டம் ஆகியவையே இதற்கு உகந்த இடங்கள்.

இது தனித்து வாழ்வதில்லை. சில வேளைகளில் நூறு வரையில் கூட்டமாய்த் திரியும். புல்லின் தாளைப் பற்றி ஏறியும், தரையில் தத்தியும் விதைகளைப் பொறுக்கும். வாலையும் இறக்கையையும் அடிக்கடி வெடுக்கென்று அசைக்கும். இதன் பாட்டு மிகவும் மெல்லியது. அருகில் நின்றாலன்றிக் கேளாது. புல்விதையே பிரதான ஆகாரம். சிறு பழங்களையும் பூச்சிகளையும் உண்பதுண்டு.

மழைக்காலத்தையொட்டி இனவிருத்தி நடைபெறும். முள்மரத்திலோ, பனை, தென்னை ஆகியவற்றின் மட்டைகளிடையிலோ, வீட்டு இறவாரத்திலோ புல்லாலும் இலைகளாலும் பந்துபோன்ற பெரிய கூட்டைக் கட்டும். வாயில் பக்கத்திலிருக்கும். ஆணும் பெண்ணும் சேர்ந்தே கட்டி, முறைவைத்து அடைகாக்கும். முட்டைகள் வெண்மையானவை, பெரும்பாலும் 4 முதல் 6 வரை இருக்கும்.

இப்பட்சி பயிருக்குப் பகையா என்று கேட்டால், முழுப் பகையென்று சொல்லுதல் நியாயமன்று. ஆண்டின் பெரும்பகுதியும் வரப்பிலும் தரிசிலுமுள்ள புல்விதைகளையே இது தின்கின்றது. களையாய் முளைக்கத்தக்க விதைகளும் அவற்றில் அடங்கும். எனினும் தினை, சாமை, நெல் முதலியன பால் பிடித்து முற்றும் சில வாரங்களில் கூட்டமாய் இறங்கினால், சிறு குடியானவனுக்கு நஷ்டம் மெய்யானதே. ஒருவனுடைய கழனி மாத்திரம் அண்டையாருக்கு முன்னரோ பின்னரோ கதிர்விடுமானால், சுற்றுப்புறத்துப் பட்சிகளெல்லாம் அங்கே வந்து சேரும். ஒரு வெளி முழுதும் ஒரே சமயத்தில் முற்றினால், சேதம் பலர்மேல் பரவி, ஒவ்வொருவருக்கும் சொற்பமாகும்.

ஆகையால் இதற்குப் பரிகாரம் கண்ணியும் விஷமும் அல்ல. சில்லைகளைப் பிடித்து, சாயம் பூசிக் கூண்டில் அடைத்து விற்கும் வழக்கம் சந்தைகளில் இருந்து வந்திருக்கிறது. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இவற்றைப் பிடிப்பதும் விற்பதும் குற்றமாகும். உண்மையான பரிகாரம் ஒற்றுமையில் இருக்கின்றது. அடுத்தடுத்த நிலத்தார் கலந்து பேசி, ஒரே வாரத்தில் விதைக்க வேண்டும். பால் பிடித்தது முதல் அறுவடை வரையில், காலையிலும் மாலையிலும் முறைவைத்துக் காவல் புரிய வேண்டும். தகரம் தட்டுதலும் மினுங்கும் நாடா கட்டுதலும் பயன் தரும். ஆனால் பட்சிகள் விரைவில் பழகிவிடுமாதலால், உபாயத்தை அடிக்கடி மாற்றுதல் அவசியம். முற்றிய கதிரைத் தாமதமின்றி அறுத்துவிட வேண்டும்.

தனித்து நிற்கும் வயலே கூட்டமாய் வரும் பட்சிக்கு இரையாகின்றது. விதைப்பு நாளைச் சங்கக் கூட்டத்தில் முன்னதாகவே நிச்சயிக்கும் கிராமத்தில், சில்லைக்கு வரப்பின் புல்விதையும் மிஞ்சும். குடியானவனுக்குக் களத்தின் தானியமும் மிஞ்சும்.