எல்லைக்கோடும் பொருநையாறும்



எல்லை என்பது வரைபடத்தில் இழுத்த வெறுங்கோடு அன்று. அந்நிலத்து மொழியும் ஊர்ப்பெயரும் கல்வெட்டும் காக்கப்படும் வரையில்தான் எல்லையும் நிலைக்கும். கோட்டை அரசு வரையலாம். அதற்கு உயிர் தருவோர் மக்களே. செங்கோட்டை தொடங்கிக் கொற்கை வரை பரந்து கிடக்கும் நெல்லைச் சீமை இவ்வுண்மைக்குச் சான்று.

ஆரியங்காவுக் கணவாயின் கிழக்குவாயிலில் அமைந்தது செங்கோட்டை. வழங்குமொழியால் அது தமிழூர். ஆட்சியாலோ நெடுங்காலம் திருவிதாங்கூருக்கு உட்பட்டிருந்தது. அவ்வரசின் சங்குமுத்திரை தாங்கிய நுழைவளைவை இன்றும் அங்குக் காணலாம். 1911இல் மணியாச்சியில் ஆசுதுரையைச் சுட்டு வீழ்த்திய வாஞ்சிநாதனை ஈன்றதும் இவ்வூரே.

திருவிதாங்கூர்த் தமிழர் தாய்த்தமிழகத்தொடு இணையக் கிளர்ந்தெழுந்தபோது, 1954 ஆகத்து 11ஆம் நாள் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச்சூடு நடந்தது. தமிழர் குருதி சிந்தி மாண்டனர். 1956 நவம்பர் முதல் நாள் தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகியவை குமரி மாவட்டமாயின. செங்கோட்டையின் கிழக்குப் பகுதி நெல்லையொடு சேர்ந்தது. அதன் மலைப்பகுதி கேரளத்திலேயே நின்றுவிட்டது. தேவிகுளமும் பீர்மேடும் வந்து சேரவில்லை. ஆக, கிடைத்தது இரந்து பெற்றதன்று. இழந்தது சிறிதும் அன்று.

கிடைத்ததையேனும் தமிழர் அறிந்திருக்கின்றனரா என்பதே இன்றைய வினா.

செங்கோட்டைக்கு அண்மையில் உள்ளது தென்காசி. 15ஆம் நூற்றாண்டில் பராக்கிரமபாண்டியன் அங்கு எடுத்த கோயிலில் அவன் வேண்டுகோள் தமிழ்ப்பாட்டாகக் கல்லில் நிற்கிறது. பிற்காலத்தில் இக்கோயிலுக்குக் குறைவு நேர்ந்தால் அதைத் திருத்துவோர் அடிகளைத் தான் வணங்குவதாக அம்மன்னன் கூறுகிறான். முடியுடைவேந்தன் பின்தோன்றல்களின் காலில் விழுந்து கேட்பது யாது? காத்தல் என்னும் ஒன்றே! சிதைந்து பிளந்து நின்ற கோபுரம் 1990இல் மீண்டும் எழுந்தது. ஆயினும், அக்கல்வெட்டைப் படித்துச் செல்வோர் எத்துணைப் பேர்?

குற்றாலமலையில் பிறக்கும் சிற்றாறு சீவலப்பேரியருகே பொருநையொடு கலக்கிறது. அருவியாய் வீழுமிடத்தில் அதற்குக் குற்றாலக் குறவஞ்சி வாய்த்தது. கலக்குமிடத்தில் முக்கூடற்பள்ளு வாய்த்தது. ஓர் ஆற்றின் தலையில் குறிஞ்சிக்கு ஒரு நூல், வாயில் மருதத்துக்கு ஒரு நூல்! இத்தகைய ஆற்றைத் 'தாமிரபரணி' என்று மட்டுமே சொல்லி அமைதல் முறையோ? அதன் கரையில் குருகூரில் தோன்றிய நம்மாழ்வார் 'பொருநல்' என்றே பாடினார். தண்பொருநை என்னும் இனிய பெயர் இருக்க, அதனை மறப்பானேன்?

பொருநையின் தென்கரையில் ஆதிச்சநல்லூர்ப் பறம்பு கிடக்கிறது. 1876இல் அங்குத் தோண்டிய செருமானியர் சாகோர் தாம் கண்டெடுத்தவற்றைப் பெர்லினுக்குக் கொண்டுசென்றார். பின்னர் அலெக்சாந்தர் இரீ அகழ்ந்தெடுத்தவை சென்னை அருங்காட்சியகத்தை அடைந்தன. 2004-05இல் நடுவணரசின் தொல்லியல்துறை மீண்டும் அகழ்ந்தது. அதன் அறிக்கையோ பல்லாண்டுகள் வெளிவராது கிடந்தது. தமிழன் முன்னோரின் தாழிகள் வெளிப்பட்டும் அவற்றின் செய்தி தமிழனை எட்டவில்லை! இந்நிலையில், தமிழகத் தொல்லியல்துறை சிவகளையில் அகழ்ந்த தாழியொன்றில் கிடைத்த நெல் கி.மு. 1155ஐச் சேர்ந்தது என 2021இல் அறிவிக்கப்பட்டது. தமிழகமே முனைந்து அகழ்ந்தமையால் வந்த பயன் இது.

ஆற்றின் கடைவாயில் கொற்கை. முத்துக்குப் பெயர்பெற்ற பாண்டியர் துறைமுகம். கடல் பின்வாங்கியமையால் இன்று உள்நாட்டுச் சிற்றூர். கடல் விலகியது இயற்கை. ஆனால் தமிழர் நினைவும் விலகிவிட்டால் அது எவர் குற்றம்?

மொழிஞாயிறு தேவநேயப் பாவாணர் 1902இல் பிறந்தது இச்சீமையைச் சேர்ந்த சங்கரன்கோயிலில். ஒவ்வொரு சொல்லின் வேரையும் தேடித் தமிழர்க்கு உணர்த்தியவர் அவர். சொல்லுக்கு அவர் செய்ததை ஊருக்கும் கல்லுக்கும் செய்தல் தமிழ் இளைஞர் கடன். அண்டை மொழியினர்மேல் பகை வேண்டா; தன் நிலத்தைத் தான் அறியாமையே தமிழனுக்குப் பகை. விடுமுறைக்குக் குற்றாலம் செல்வோர் அருவியாடித் திரும்பிவிடாது, செங்கோட்டை வளைவையும் தென்காசிக் கல்வெட்டையும் ஆதிச்சநல்லூர்ப் பறம்பையும் தம் மக்களுக்குக் காட்டுக. ஊரின் பழம்பெயரை முதியோரிடம் கேட்டு எழுதி வைக்க. சிதையும் கல்வெட்டைக் கண்டால் தொல்லியல்துறைக்கு அறிவிக்க.

1956இல் நிலம் வந்தது. அதை உள்ளத்தால் உடைமையாக்கும் பணி எஞ்சி நிற்கிறது. அது முடியும் நாளே எல்லைப்போர் வென்ற நாள்!

வெல்க தமிழ்!