மெருகும் மெத்தையும்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் வீதிகளில் ஒஸ்டின் ஏ-40, ஒஸ்டின் கேம்பிறிட்ஜ், மொறிஸ் மைனர் முதலிய பழைய பிரித்தானிய மோட்டார் வண்டிகளை இன்றும் இடைக்கிடையே காணலாம். ஏ-40 வகையைச் சேர்ந்த சொமசெற் வண்டி 1952ஆம் ஆண்டு தொடக்கம் 1954ஆம் ஆண்டு வரையே உற்பத்தி செய்யப்பட்டது. மொறிஸ் மைனர் 1948ஆம் ஆண்டிலே தோன்றி 1971ஆம் ஆண்டுடன் நின்றுபோயிற்று. உற்பத்தி நின்று அரை நூற்றாண்டு கடந்த பின்னரும் இவை குடாநாட்டில் நிலைத்திருப்பதற்குத் தக்க காரணங்கள் உண்டு. 1960ஆம் ஆண்டுகளில் அந்நியச் செலாவணி நெருக்கடியினால் இலங்கையில் மோட்டார் வண்டி இறக்குமதி பெரிதும் கட்டுப்படுத்தப்பட்டது. புதியது வாங்க வழியில்லாதோர் இருந்ததைப் பேணக் கற்றுக்கொண்டனர்.

பின்னர் போர்க்காலம் வந்தது. 1990ஆம் ஆண்டில் வடபகுதி பொருளாதாரத் தடைக்கு உட்பட்டபோது பெற்றோல் கிடைத்தற்கரிய பொருளாயிற்று. அக்காலத்தில் சிறிதளவு பெற்றோலை விட்டு இயந்திரத்தை முடுக்கி, அது சூடேறியபின் மண்ணெண்ணெயில் வண்டியை ஓட்டினர். அழுத்த விகிதம் குறைந்த பழைய இயந்திரங்களே அந்த எரிபொருளைத் தாங்கின. புதிய வண்டிகளுக்கு அது இயலவில்லை. நோயாளரையும் கர்ப்பவதிகளையும் வைத்தியசாலைக்குச் சுமந்தவை இவ்வண்டிகளே. ஏ-9 வீதி 2002ஆம் ஆண்டில் திறக்கப்பட்டு, 2006ஆம் ஆண்டில் மீண்டும் மூடப்பட்டு, 2009ஆம் ஆண்டில் திரும்பவும் திறக்கப்பட்டது. இத்தனை மாற்றங்களையும் கடந்து வந்த வண்டிகளின் உடலில் எஞ்சியுள்ள நிறப்பூச்சும் ஒரு வகையில் அக்காலத்தின் சான்றேயாகும்.

இத்தகைய வண்டி நிற்கும் வீட்டு முற்றம் ஒன்றை மனத்திற் கொள்ளலாம். தகப்பனார் ஓட்டிய வண்டியை மகளின் திருமணத்துக்கு முன் பளபளக்கச் செய்ய வேண்டும் என்று கனடாவிலிருந்து வந்த மகன் விரும்புகின்றான். பட்டறைகளில் ‘கட் அன்ட் பொலிஷ்’ என்று வழங்கும் வேலைக்கு மின்சாரச் சுழல் மெருகு இயந்திரம் ஒன்று கொண்டுவரப்படுகிறது. கையில் அகப்பட்ட கம்பளி மெத்தையை அதிற் பொருத்தி, உரைபசையைத் தடவி, முன்மூடியின் மேட்டில் வைத்து அழுத்தினால், ஐம்பது ஆண்டு வெயிலும் மழையும் நீக்காத பூச்சைச் சில நிமிடங்களில் நீக்கிவிடலாம். நீங்கிய பூச்சு திரும்பி வராது. பழுது இயந்திரத்தினால் நேர்ந்தது என்றே பலரும் கூறுவர். ஆயினும், பெரும்பாலும் அது மெத்தையைத் தெரிவு செய்ததில் நேர்ந்த பழுதேயாகும்.

மெருகிடுதல் என்பது பூச்சின்மேல் ஒளியைப் பூசுவதன்று; பூச்சின் மேற்பரப்பை மிக நுண்ணியதாகச் சுரண்டிச் சமப்படுத்துவதாகும். மேற்பரப்பு மேடு பள்ளமாக இருக்கும்போது ஒளி பல திசைகளிலும் சிதறுவதால் வண்டி மங்கித் தோன்றுகிறது. மேடுகளைக் குறைத்தால் ஒளி ஒழுங்காகத் திரும்புகிறது. எனவே ஒவ்வொரு முறை மெருகிடும்போதும் பூச்சின் ஒரு பகுதி செலவாகின்றது. தொழிற்சாலையிலிருந்து வரும் இக்கால வண்டியின் பூச்சு முழுவதும் சேர்ந்து ஏறத்தாழ 100 முதல் 150 மைக்ரோன் தடிப்புடையது. அது எழுதும் கடதாசி ஒன்றின் தடிப்பை ஒத்தது. அதிலும் மேலேயுள்ள நிறமற்ற பூச்சு 40 அல்லது 50 மைக்ரோன் அளவினதே. இந்தச் சிறிய இருப்பிலிருந்துதான் மெருகுக்கான செலவு முழுவதும் எடுக்கப்பட வேண்டும்.

பழைய வண்டிகளின் பூச்சு வேறு வகையைச் சேர்ந்தது. 1923ஆம் ஆண்டில் அமெரிக்காவின் டூபொன்ட் நிறுவனம் ‘டூக்கோ’ என்ற செலுலோசுப் பூச்சை அறிமுகம் செய்தது. அதற்கு முன்னர் உலர்வதற்கு நாட்கணக்கில் காத்திருந்த வேலை அதன்பின் மணிக்கணக்கில் முடிந்தது. அவ்வகைப் பூச்சிலும் பின்னர் வந்த செயற்கை எனாமலிலும் நிறமும் பளபளப்பும் ஒரே படலத்தில் அடங்கியிருந்தன. நிறமற்ற மேற்பூச்சு தனியாக இருக்கவில்லை. செலுலோசுப் பூச்சு கரைப்பான் ஆவியாவதனால் மட்டுமே உலர்வது. ஆகையால் தின்னர் பட்டால் மீண்டும் கரையும், சூடேறினால் இளகும். கதவின் உட்புறம் போன்ற மறைவான இடத்தில் தின்னர் தோய்த்த துணியால் மெல்லத் துடைத்துப் பார்த்தால், நிறம் கரைந்து வருவதைக் கொண்டு அதை இனங்காணலாம். பல தடவை மறுபூச்சுக் கண்ட வண்டியில் ஒரு பக்கம் ஒரு வகையும் மறுபக்கம் இன்னொரு வகையும் இருத்தல் கூடும். ஆதலின் ஓரிடத்தில் பார்த்ததை முழு வண்டிக்கும் பொருத்துதல் ஆகாது.

இனி, மெத்தைகளின் இயல்பை நோக்குவோர் அவற்றை மூன்று வகையாகப் பிரிப்பர். முதலாவது கம்பளி மெத்தை. அதன் இழைகள் தாமே பூச்சைச் சுரண்டும் ஆற்றல் உடையன. உரைபசையும் சேரும்போது அவ்வாற்றல் பன்மடங்காகிறது. முறுக்கிய நூலாற் செய்த கம்பளி கடுமையாக வெட்டும். முறுக்காத செம்மறிக் கம்பளி சற்று மென்மையானது. இழைகளுக்கிடையே காற்று செல்வதால் கம்பளி நுரைப்பஞ்சைவிடக் குறைவாகவே சூடேறும். அது விட்டுச்செல்லும் நுண்ணிய சுழற்கோடுகள் மர நிழலில் தெரியமாட்டா. உச்சி வெயிலில் தெளிவாகத் தெரியும்.

இரண்டாவது நுரைப்பஞ்சு மெத்தை. கடினம், நடுத்தரம், மென்மை என்று அது பல தரத்தினது. கடினமானது வெட்டுவதற்கும், நடுத்தரமானது கோடுகளைப் போக்குவதற்கும், மென்மையானது இறுதி மெருகுக்கும் உரியன. மெத்தைகளுக்கு மஞ்சள், செம்மஞ்சள், வெள்ளை, கறுப்பு என நிறங்கள் இடப்பட்டிருப்பினும், ஒரு நிறுவனத்தின் நிறக்குறி மற்றொன்றினதோடு ஒத்திருப்பதில்லை. கடைக்காரர் கூறும் நிறத்தை நம்பாமல், இரு மெத்தைகளையும் விரல்களால் அழுத்தி ஒப்பிட்டு நோக்குதலே உறுதியான வழி. மூன்றாவது, மைக்ரோபைபர் எனப்படும் நுண்ணிழை மெத்தை. இது பெரிதும் சுழற்சியும் அலைவும் கலந்த இரட்டை இயக்க இயந்திரத்துக்கே ஏற்றது; சுழற்சி மட்டுமே உள்ள இயந்திரத்திற் பொருத்தினால் எளிதிற் சூடேறும்.

வகையைப் போலவே மெத்தையின் அளவும் முக்கியமானது. சுழலும் வட்டத்தின் நடு அசையாது நிற்க, ஓரமே மிகுந்த வேகத்தில் ஓடும். நிமிடத்துக்கு 1500 சுற்றுக்களில் 200 மில்லிமீற்றர் விட்டமுள்ள மெத்தையின் ஓரம் மணிக்கு ஏறத்தாழ 56 கிலோமீற்றர் வேகத்தில் பூச்சின்மேல் ஓடுகிறது. 150 மில்லிமீற்றர் மெத்தையில் அவ்வேகம் ஏறத்தாழ 42. 75 மில்லிமீற்றரில் 21. ஆகவே ஒரே இயந்திரத்தை ஒரே வேகத்தில் வைத்திருந்தும், மெத்தையை மட்டும் மாற்றுவதால் வேலையின் கடுமை மாறிவிடும். சொமசெற் போன்ற வண்டியின் உருண்ட முன்மூடியிலும் சக்கர மேல்மூடியிலும் பெரிய மெத்தை முழுவதும் படியாது; ஓரிடத்தில் மட்டும் பட்டு அங்கேயே வெட்டும். அத்தகைய வளைவுகளுக்குச் சிறிய மெத்தையே உகந்தது. மெத்தையைத் தாங்கும் பின்தட்டு மெத்தையைவிடச் சற்றுச் சிறியதாக இருத்தல் வேண்டும். இல்லையேல் அதன் விளிம்பு பூச்சிற் பட்டுவிடும். மெத்தை நடுவிலிருந்து விலகிப் பொருந்தினால் இயந்திரம் கையில் நடுங்கும். அவ்வேளையில் நிறுத்தித் திரும்பப் பொருத்துதல் வேண்டும்.

இவற்றுள் எதை முதலில் எடுப்பது என்பதே வினா. மெருகுத் தொழிலில் தேர்ந்தோர் கடைப்பிடிக்கும் நெறி எளியது: மிக மென்மையானதில் தொடங்கி, தேவையைக் கண்ட அளவுக்கே கடுமைக்குச் செல்லுதல். வண்டியின் வெளித்தெரியாத பகுதியில் ஏறத்தாழ ஓரடிச் சதுரத்தை வரையறுத்து, மென்மையான நுரைப்பஞ்சும் நுண்ணிய மெருகுப்பசையும் கொண்டு நான்கைந்து தடவை மெல்லச் செலுத்தித் துடைத்துப் பார்க்க வேண்டும். குறை நீங்கிற்றெனில் முழு வண்டிக்கும் அதுவே போதும். நீங்கவில்லையெனில் மெத்தையையும் பசையையும் ஒருங்கே மாற்றாது, ஒன்றை மாற்றி மீண்டும் சோதித்தல் வேண்டும். இரண்டையும் ஒரே நேரத்தில் மாற்றினால் எது பயன் தந்தது என்று அறிய இயலாது. கம்பளி கடைசியில் வருவது. கம்பளியைப் பயன்படுத்தியபின் நடுத்தர மெத்தையையும் மென்மெத்தையையும் முறையே செலுத்திச் சுழற்கோடுகளைப் போக்குதல் அவசியம்.

ஒரே படலப் பூச்சில் மெத்தை வண்டியின் நிறத்தைத் தானும் ஏற்றுக்கொள்ளும். பச்சை வண்டியில் மெத்தை பச்சையாகும். இதைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. சாம்பல் நிறமோ அடிப்பூச்சின் செந்நிறமோ தோன்றினால் உடனே நிறுத்துதல் வேண்டும். மேற்பூச்சு அங்கே முடிந்துவிட்டது. நிறமற்ற மேற்பூச்சுடைய புதிய வண்டியிலோ மெத்தையில் வண்டியின் நிறம் தோன்றுவதே அபாயக் குறியாகும்.

கதவு விளிம்பு, முன்மூடியின் மேடு, உடலின் கோடுகள் ஆகிய இடங்களில் பூச்சு எப்போதும் மெலிந்தே இருக்கும். ஈரப் பூச்சு கூரிய விளிம்பிலிருந்து விலகிப் படிவதும், முன்னைய மெருகுகள் அவ்விடத்தையே அதிகம் தேய்த்திருப்பதும் அதற்குக் காரணங்கள். அங்கெல்லாம் கடதாசி ஒட்டுநாடாவை ஒட்டி மறைத்துவிட்டுப் பின்னர் கையால் மெருகிடுதல் நன்று. அந்த நாடாவும் மோட்டார் வண்டித் தொழிலின் தேவையாற் பிறந்ததே; இரு நிறம் பூசுவோர் படும் இடரைக் கண்டு 1925ஆம் ஆண்டில் அமெரிக்காவின் 3எம் நிறுவனத்தைச் சேர்ந்த ரிச்சர்ட் ட்ரூ அதனை ஆக்கினார். பூச்சின் தடிப்பை அளக்கும் கருவியை முற்றாக நம்புதலும் தகாது. தகரம் நெளிந்த இடத்தை நிரப்புப்பசையால் நிரப்பியிருந்தால் கருவி அதையும் சேர்த்துப் பெரிய எண்ணைக் காட்டும். அதன்மேலுள்ள நிறப்பூச்சோ மிக மெல்லியதாக இருக்கக்கூடும்.

குடாநாட்டுக்கென்றே சில எச்சரிக்கைகள் உண்டு. சோளகம் வீசும் மாதங்களில் செம்மண் புழுதியும் நுண்மணலும் எங்கும் படியும். ஒரு மணற்துகள் மெத்தையில் அகப்பட்டால் அதுவே வெட்டுங் கருவியாகிவிடும். நிலத்தில் விழுந்த மெத்தையைத் தட்டிவிட்டுப் பொருத்துவது தவறு. கழுவி உலர்த்தியே பயன்படுத்த வேண்டும். முழு வண்டிக்கு ஒரு மெத்தை போதாது. ஒவ்வொரு தரத்திலும் இரண்டு மூன்று இருத்தல் நலம். பசையும் நீங்கிய பூச்சும் ஊறிய மெத்தை வெட்டாது, சூட்டை மாத்திரம் எழுப்பும்.

சுண்ணாம்புக் கல்லின்மேல் அமைந்த நிலமாதலின் கிணற்று நீர் கடினமானது. வண்டியைக் கழுவித் துடையாது விட்டால் துளிகள் உலர்ந்து வெண்புள்ளிகளாகும். அவற்றை நீக்கக் கம்பளியை எடுக்க வேண்டியதில்லை. நீர் கலந்த வினாகிரியால் மெல்லத் துடைத்து உடனே கழுவினால் பெரும்பாலும் நீங்கிவிடும். எஞ்சியதற்கு மென்மெத்தை போதும். வெயிலிற் காய்ந்த தகரத்தில் இயந்திரம் வைக்கலாகாது. காலை வேளையில் கொட்டகை நிழலில் தொடங்கி, இடைக்கிடை உள்ளங்கையைத் தகரத்தில் வைத்துப் பார்த்து, கை தாங்காத சூடு தோன்றின் நிறுத்துதல் வேண்டும்.

2020ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025ஆம் ஆண்டிலேதான் மீண்டும் தொடங்கியது. அந்த இடைவெளியில் இருந்ததைப் பேணும் பழைய பாடம் நாடு முழுவதும் மீண்டும் கற்கப்பட்டது. அப்பாடத்தில் எதைச் செய்வது என்பதோடு எதைச் செய்யாது விடுவது என்பதும் அடங்கும். ஆழமான ஒரு கீறலை முற்றாகப் போக்க முயன்றால் அதனைச் சூழ்ந்த பூச்சு முழுவதையும் கீறலின் ஆழத்துக்குக் குறைக்க நேரும். அதன் விளிம்புகளை மழுக்கி, கண்ணுக்கு உறுத்தாதபடி செய்து நிறுத்துவது அறிவுடைமை.

முற்றத்தில் நிற்கும் அந்த வண்டிக்கும் அதுவே பொருந்தும். மகன் மென்மெத்தையில் தொடங்கி, மங்கலை நீக்கி, மெழுகு பூசி நிறுத்தினால், திருமண நாளில் வண்டி கண்ணாடிபோல் ஒளிராவிடினும் கண்ணியமாக ஒளிரும். கதவருகே தகப்பனாரின் கை பட்டுத் தேய்ந்த இடமும், போர்க்காலத்திற் கிடைத்த பூச்சைக் கொண்டு திருத்திய தழும்பும் அப்படியே இருக்கும். அடுத்த தலைமுறை மெருகிடுவதற்கும் சிறிது பூச்சு எஞ்சியிருக்கும்.