சுமைக்கேற்ற சும்மாடு



பிளாஸ்டிக் பொருள்கள் பாலிமர் எனும் நீண்ட சங்கிலி மூலக்கூறுகளால் ஆனவை. சங்கிலியின் நீளமே அவற்றின் உறுதியைப் பெரிதும் தீர்மானிக்கிறது. நிறைமானியில் அதனை அளக்க, மூலக்கூறு ஆவியாகி மின்னூட்டம் பெற வேண்டும். லேசர் ஒளி நேரே பட்டால் சங்கிலி சிதைந்துவிடும். ஆகவே, ஒளியைத் தான் ஏற்றுச் சங்கிலியைச் சேதமின்றி மேலெழுப்பும் துணைப்பொருளைக் கலக்கின்றனர். நம் தாய்மார் தலைச்சுமைக்கு வைக்கும் சும்மாடு போன்றது அது.

1985-இல் ஜப்பானின் ஷிமட்சு நிறுவனத்தில் கொய்ச்சி தனாகா, கோபால்ட் நுண்பொடியில் தவறுதலாகக் கிளிசரினைக் கலந்தார். வீணாக்க மனமின்றி அதனையே சோதித்தார், வழி பிறந்தது. அவர் குழுவினரின் 1988-ஆம் ஆண்டுக் கட்டுரை, புரதங்களோடு பாலிமர்களையும் அளந்து காட்டிற்று. 2002-இல் நோபல் பரிசில் பங்குபெற்றபோது அவர் முனைவர் பட்டம் பெறாத பொறியியல் பட்டதாரியே.

சுமைக்கேற்ற சும்மாடு வேண்டுமன்றோ? பாலிமரோடு நன்கு கலக்கும் துணைப்பொருளையே தேர்ந்தெடுக்க வேண்டும். பாலிஸ்டைரீனுக்கு, சோரியாசிஸ் எனும் தோல்நோய்க்கு மருந்தான டித்ரனால், வெள்ளி உப்புடன் சேர்ந்து உதவுகிறது. பாலிஎதிலீன் கிளைகாலுக்குச் சோடியம் உப்பு ஏற்றது.

வல்லத்திராக்கோட்டை இளைஞர்களே! ஆய்வுக்கூடம் நமக்கு எட்டாத இடமன்று. தலைமுறைகளாய்ச் சுமந்த நாம் சும்மாட்டின் அருமையை அறிவோம். முதல் தலைமுறையாய்ப் பயிலும் பிள்ளைக்கு அத்தகைய துணையாய் நிற்பதே நம் கழகத்தின் கடமை.