பொலோஞா நகரில் ஒரு மாணவியின் நாள்



1739 முதல் 1954 வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்த காரைக்கால் பகுதியில் வெளிநாட்டுக் கல்வி என்றால் பிரான்சு நாட்டுக் கல்வி என்றே பொருள்பட்டது. இன்று ஐரோப்பாவின் பிற நகரங்களும் நம் பிள்ளைகளுக்குக் கதவு திறந்துள்ளன. வரிச்சிக்குடியில் பிறந்த பெண் ஒருத்தி இத்தாலியின் பொலோஞா நகரில் பயில்கிறாள் எனக் கொள்வோம். அந்நகரைத் தேர்ந்தமைக்குக் காரணம் இரண்டு. 1088இல் தோன்றியதாகப் போற்றப்படும் அதன் பல்கலைக்கழகம் ஐரோப்பாவிலேயே பழமையானது. தேம்பாவணி தந்த வீரமாமுனிவர் இளமையில் பயின்ற நகரங்களுள் அதுவும் ஒன்று.

பனிக்காலக் காலை எட்டு மணி. வரிச்சிக்குடியில் அப்போது பகல் 12.30, தாய் உலையை இறக்கியிருப்பாள். மகள் தூண்வரிசை தாங்கிய கூரைநடையின் கீழ் நடக்கிறாள். நகரெங்கும் 62 கிலோமீட்டர் அளவுக்கு நீளும் இந்நடைகள் 2021இல் உலக மரபுச் சின்னமாயின. இடம் வீட்டுக்காரருடையது, நிழல் வழிப்போக்கருடையது. திண்ணை கட்டி வாழ்ந்த ஊரிலிருந்து சென்றவளுக்கு இவ்வறம் புதிதன்று.

பழைய பல்கலைக்கழக மாளிகையின் சுவர்களில் அங்குப் பயின்றோரின் குலச்சின்னங்கள் ஆயிரக்கணக்கில் தீட்டப்பட்டுள்ளன. இடைக்காலத்தில் அயல்நாட்டு மாணவர்கள் குழுவாகக் கூடி ஆசிரியர்க்கு ஊதியம் வழங்கினர். காலந்தாழ்ந்து வந்த ஆசிரியர்க்குத் தண்டமும் விதித்தனர். அயலாரால் வளர்ந்த கல்விக்கூடம் அது.

அன்று அவளுக்குத் தேர்வு. அங்கே தேர்வுகள் பெரும்பாலும் வாய்மொழியாகவே நடைபெறும். பிற மாணவர் கேட்டிருக்க, ஆசிரியர் வினவ, விடை கூறவேண்டும். முப்பதுக்குப் பதினெட்டு பெற்றால் தேர்ச்சி. நம் முன்னோர் நூலை அரங்கேற்றிய அவையை அது நினைவூட்டும். விடை அவளுக்குத் தெரியும், இடறுவது ஒலி. எகர ஒகரங்களை இத்தாலியர் வாய் விரித்தும் குவித்தும் இருவகையாக ஒலிப்பர். சில சொற்களில் அதனால் பொருளே மாறும். குறில் நெடில் பழகிய தமிழ்ச் செவி அங்கே புதிதாகத் திறக்கவேண்டியுள்ளது.

இவ்விடத்தில்தான் வீரமாமுனிவரை நினைக்கவேண்டும். 1710இல் இந்தியா வந்த அவர் இதே எகர ஒகரங்களில்தான் தமிழுக்குத் தொண்டு செய்தார். சுவடிகளில் புள்ளி பெரும்பாலும் இடப்படாமையால் எழுத்தில் குறிலும் நெடிலும் மயங்கின. பழகிய கண் அதைப் பொறுத்துக்கொண்டது. கற்க வந்த கண் பொறுக்கவில்லை. நெடிலுக்கு வேறு கொம்பும் வடிவும் வகுத்தார். இன்று 'தேன்' என்றும் 'தென்' என்றும் பிழையின்றி எழுதுகிறோம் என்றால், அதில் ஓர் அயல் மாணவரின் இடர்ப்பாடு பயனாகியிருக்கிறது.

அவர் சதுரகராதியை நிறைவு செய்த 1732ஆம் ஆண்டிலேயே, பொலோஞாவில் லாரா பாஸி என்னும் பெண்மணி முனைவர் பட்டம் பெற்று, அப்பல்கலைக்கழகத்தின் ஆசிரியையும் ஆனார். வரிச்சிக்குடிப் பெண் இன்று ஏறும் படிகள் அவர் ஏறித் தேய்ந்தவை.

மாலையில் பட்டம் பெற்றோர் தலையில் புன்னை போன்றதொரு நறுமண இலைமாலை சூடித் தெருவில் பாடிச் செல்கின்றனர். பட்டத்தின் பெயரே அவ்விலையால் அமைந்தது. வாகை சூடிய மரபினர்க்கு இதை விளக்க வேண்டியதில்லை. பட்டம் பெறுமுன் அசினெல்லிக் கோபுரத்தில் ஏறினால் படிப்பு முடியாது என்பது மாணவர் நம்பிக்கை. அவளும் அண்ணாந்து பார்த்துவிட்டுத் திரும்புகிறாள்.

அறைக்கு வரும்போது அங்கே இரவு ஏழு, இங்கே 11.30. தாய் உறங்காமல் காத்திருக்கிறாள். "சாப்பிட்டியா?" என்கிறாள். பத்து நிமிடப் பேச்சு. அன்று முழுவதும் அவள் பேசிய தமிழ் அவ்வளவே.

கவலை இங்கேதான் பிறக்கிறது. அவள் ஊதியத்தோடு திரும்பலாம், தமிழோடு திரும்புவாளா? இத்தாலியக் கவிதைகளைப் பெரிதும் ஆங்கிலத்தின் வழியாகவே நாம் அறிகிறோம். அம்மொழியைச் செவியாரக் கேட்ட ஒருத்தி நேரே பெயர்த்தால் அந்த இடைச்சுவர் விழும். ஆனால் எழுதச் சொல்ல ஒருவர் வேண்டும். எழுதியதைப் படிக்க ஓர் அவை வேண்டும்.

பத்தாண்டு நிறைந்த இவ்வட்டம், கடல்கடந்து பயிலும் பிள்ளைகளுக்கு மாதம் ஒரு மடல் எழுதட்டும். அவர்கள் அனுப்பும் ஒரு பக்கத்தை அடுத்த கூட்டத்தில் படிக்கட்டும். பொலோஞா அனுப்பிய மாணவர் நமக்கு எழுத்துத் தந்தார். நாம் அனுப்பும் மாணவியிடமிருந்து ஒரு பக்கமேனும் கேட்டு வாங்குவோம்.