உயிர் காத்த சந்தேகம்

அகதிகளின் நலம் பற்றிப் பேச்சு வந்தால், தூக்கமின்மை, கெட்ட கனவு, மாத்திரை என்று தனி ஒருவரின் மனத்தோடு நிறுத்திக்கொள்கிறோம். மனிதர் ஒருவரையொருவர் நம்பிப் பழகும் வழக்கத்தையும் போரும் கொடுங்கோல் ஆட்சியும் குலைக்கின்றன. அதை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. கம்போடியாவை எடுத்துக்கொள்ளுங்கள். 1975 ஏப்ரல் முதல் 1979 ஜனவரி வரை ஆண்ட கெமர் ரூஜ் இயக்கம், வீட்டில் தனியாக உலை வைப்பதையே தடுத்தது. பொதுக்கூடத்தில் ஊற்றும் நீர்த்த கஞ்சிதான் சாப்பாடு; பிடி அரிசியை ஒளித்து வைத்தால் உயிர் போகலாம். பெற்றோர் பேசுவதை ஒட்டுக்கேட்டுச் சொல்லப் பிள்ளைகளைப் பழக்கினார்கள். வாய் திறக்காமல், யாரையும் அண்டாமல் இருந்தவரே பிழைத்தார். அப்படிப் படிந்த சந்தேகம் எல்லை தாண்டியதும் உதிர்ந்துவிடுமா?

அமெரிக்காவின் லாங் பீச் நகரில் குடியேறிய கம்போடியர் 490 பேரிடம் நடந்த ஆய்வு 2005இல் வெளிவந்தது. வந்து இருபது ஆண்டு ஆகியும் 62 விழுக்காட்டினரிடம் அதிர்ச்சிக்குப் பிந்தைய மனப் பாதிப்பும், 51 விழுக்காட்டினரிடம் கடும் மனச்சோர்வும் இருந்தன. காலம் ஆற்றாதா என்று கேட்கலாம். ஆற்றும்தான். ஆஸ்திரேலியாவில் வாழும் வியட்நாமிய அகதிகள் பற்றி 2002இல் வந்த ஆய்வில் பெரும்பாலோர் தேறியிருந்தார்கள். மிக அதிகக் கொடுமைகளுக்கு ஆளானவர்களுக்குத்தான் பத்தாண்டு கடந்தும் மனநோய்க்கான ஆபத்து கூடுதலாக இருந்தது. லாங் பீச்சில் கேட்கப்பட்டவர்களிலோ 90 விழுக்காட்டினர் உறவினரையோ நண்பரையோ கொலைக்குப் பறிகொடுத்தவர்கள். வறுமையே காரணம் என்பார் சிலர். வறுமைக்கும் வேலையின்மைக்கும் பங்குண்டு, மறுக்கவில்லை. ஆனால் அவற்றைக் கழித்துப் பார்த்த பிறகும் நாட்டை விட்டு வருமுன் பட்ட கொடுமையின் சுவடு லாங் பீச் ஆய்வின் கணக்கில் அழியவில்லை.

நம்பிக்கை போனவர்கள் ஏன் ஒரே ஊரில் வந்து கூடினார்கள் என்பது இன்னும் கூர்மையான கேள்வி. மொழி, கோயில், கடை, வேலை என்று கூடுவதற்குக் காரணம் பல. பக்கத்து வீட்டில் இருப்பது வேறு, பக்கத்து வீட்டாரை நம்புவது வேறு. கொன்றவர்களும் இவர்களைப் போலவே கெமர் மொழி பேசியவர்களே. போதாக்குறைக்கு, லாங் பீச் ஆய்வில் 70 விழுக்காட்டினர் அமெரிக்கா வந்த பின்னும் வன்முறையைச் சந்தித்திருந்தார்கள். பழைய அச்சத்துக்குப் புதுச் சான்று கிடைத்தால் அது எப்படிப் போகும்? ஆகவே மருத்துவரை மட்டும் அனுப்பினால் போதாது என்பது என் துணிபு. அச்சமின்றி நடமாடக்கூடிய தெருவும், ஆண்டுதோறும் மாற்ற வேண்டியிராத வீடும், அவர்கள் மொழியில் பேசும் பணியாளரும் மருந்துச் சீட்டோடு சேர்ந்தே வர வேண்டும். செலவு கூடும் என்று அதிகாரிகள் தயங்குவார்கள். அவற்றைத் தராமல் இருபது ஆண்டு சிகிச்சைக்குச் செலவிடுவது மட்டும் சிக்கனமா?